மகளின் படத்தில் நான் போட்ட மலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை தீபம் முடிந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்த வாரம். வெளியூர்க் கூட்டம் பஸ் ஏறிப் போய்விட்டது. மலை உச்சியில் தீபம் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வாரத்துச் சனிக்கிழமை மதியம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், என் மகள் படித்துக்கொண்டிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் வைத்து நான் ஒரு குற்றம் செய்தேன். சாட்சி கிடையாது. ஆயுதம், ஒரு பழுப்பு நிற கிரேயான்.

'படித்துக்கொண்டிருந்த'னு எழுதுவதே தப்பு. அங்கே யாரும் எதுவும் படிக்கவில்லை. என் பிரச்சினையே அதுதான்.

முதலில் நான் யார்னு சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில் ஒரு தனியார் சர்வேயர் ஆபீஸில் வரைபடம் போடுகிறவன். மனைக்கு நாலு எல்லை, வீட்டுக்கு எட்டு மூலை, ரோட்டுக்கு இரண்டு கோடு. இருபத்து மூணு வருஷமாக இதுதான் வேலை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் கை பழக்கதோஷத்தில் ஸ்கேலைத் தேடும். கோணல் கோட்டைப் பார்த்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். ஹோட்டலில் தோசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தால்கூட கையால் பிய்த்து வட்டமாக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன். வீட்டில் இதை நோய் என்கிறார்கள். ஆபீஸில் திறமை என்கிறார்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் என் மகள். பள்ளிக்கூட வாசலில் அவளைக் கூப்பிட நின்றால், "பேத்தியாங்க?"னு கேட்பார்கள். "ஆமாங்க, அவங்க அப்பாவும் நான்தான்"னு சொல்லிக் குழப்பிவிட்டு வண்டியைக் கிளப்புவேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தது நானில்லை. என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கக் குழந்தைகள் அவளைப் பார்த்தாலே வீறிட்டு அழும். ஊரில் ஐந்து பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாள். இந்த ஒரு இடத்தில்தான் ஒரு குழந்தையும் அழவில்லையாம். அங்கேயே ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க டேப்பை எடுத்துக்கினு அளக்க ஆரம்பிச்சிடுவீங்க."

ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு சப்போட்டா மரம். இருபது பிள்ளைகள் இருக்கும். ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளை, காலேஜ் வாத்தியார் பிள்ளை, பக்கத்துக் கிராமத்து விவசாயி பிள்ளை, ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று. எல்லாம் தரையில் ஒன்றாக உருண்டுகொண்டிருக்கும். கரும்பலகை இல்லை. சிலேட்டு இல்லை. சுவரில் ஆப்பிள் படம்கூட இல்லை. ஒரு தொட்டி நிறையக் களிமண், ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய புடவையும் துண்டும், வேஷம் போடுவதற்கு. காலையில் வட்டமாக உட்கார்ந்து பாட்டு. பிறகு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இன்னைக்கு நீ என்ன செய்யப்போறே?"னு கேட்பார். இருபத்து மூணு வருஷத்தில் என் ஆபீஸில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

டீச்சர்னு சொன்னேன். அங்கே டீச்சரும் கிடையாது, அக்காதான். முப்பது வயசுப் பெண்ணை நாற்பத்தாறு வயசில் நான் எப்படி அக்கானு கூப்பிடுவது? அதனால் அந்த வருஷம் முழுக்க அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், எதிரில் போய் நின்று இருமியே காலத்தை ஓட்டினேன்.

சாயங்காலம் வண்டியில் வரும்போது மகளிடம் கேட்பேன். "பாப்பா, இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

"ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. மண்ணுல எருமை செஞ்சேன். அது செத்துப்போச்சு. பொதைச்சோம். அப்புறம் பாட்டு பாடினோம்."

இதை நான் முதலில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பை நிறுத்தியவர் என் சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். அவருக்கு ஒரு மகன், என் மகளைவிட ஒரு மாசம்தான் பெரியவன். பெரிய பள்ளிக்கூடம், டை, ஷூ, பஸ். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் டீ ஆறுவதற்குள் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

"டேய், பெரியப்பாவுக்கு மாசமெல்லாம் சொல்லு."

பையன் அட்டென்ஷனில் நின்று ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மூச்சு விடாமல் சொல்வான். பிறகு காய்கறி. பிறகு வடிவங்கள். வட்டம், சதுரம், செவ்வகம். செவ்வகம் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிடும். தொழில் பாசம்.

"பாப்பா இப்ப இன்னா படிக்குது சகலை?"

"எருமைக்கு ஈமக்கிரியை வரைக்கும் வந்திருக்கா."

"வெளையாட்டு ஜாஸ்தியா இருக்கு, படிப்பு கம்மியா இருக்கே. நாளைக்கு ஒண்ணாவது சேக்க இன்டர்வியூ வெச்சா இன்னா பண்ணுவீங்க?"

"எருமையையும் கூட்டிக்கினு போவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வேறொரு ஆள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான். இருபது வயசிலும் என் மகள் எருமைகளைப் புதைத்துக்கொண்டே திரிவது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மறுநாளே மனைவிக்குத் தெரியாமல் ஒரு நோட்டு வாங்கி வந்து மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் 'A' போட்டுக் காட்டினேன். அவள் அதை ஏணி என்றாள். மேலே ஒரு பூனையை ஏற்றினாள். கீழே பூனைக்குச் சோறு வைத்தாள். நோட்டை மூடிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் கண்காட்சி வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பிள்ளைகள் வரைந்ததையும் செய்ததையும் வைப்பார்கள். அதிலும் அவர்கள் வழக்கமே தனி. பரிசு கிடையாது. சிறந்த படம் கிடையாது. படத்தில் பெயரும் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு ஆட்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தன் படம் எதுனு தானே கண்டுபிடித்துக் காட்டி, அதில் என்ன இருக்கிறதுனு சொல்ல வேண்டும். பின்பக்கம் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை ஒரு சின்ன முத்திரை இருக்கும். ஒருத்திக்கு மீன், ஒருத்தனுக்குக் குடை. என் மகளுக்கு நத்தை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இல்லையா, செருப்பு வைக்கிற பலகையிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் அடையாளம்.

"நாங்களும் வரோம் சகலை, பாப்பா அப்படி இன்னாதான் பண்ணுதுனு பாக்கலாம்"னு சகலை போனில் சொன்னார். "வாங்க, வாங்க"னு சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

படங்களைக் கயிற்றில் மாட்டுவது பெற்றோர் வேலை. சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். நான் கயிறு கட்டினால் மட்டம் தப்பாதுனு எல்லாருக்கும் தெரியும். அதனால் முன்னறை முழுக்க என் பொறுப்பில் விட்டுவிட்டு மற்றவர்கள் களிமண் பொம்மைகளை அடுக்கப் பின்பக்கம் போய்விட்டார்கள். டீச்சரும் அங்கேதான்.

படக் கட்டைப் புரட்டினேன். சூரியன் இருந்தது, வீடு இருந்தது, ஒரு ரயில், ஒரு கல்யாணம். கல்யாண மாப்பிள்ளைக்கு ஏழு விரல் இருந்தாலும் மாப்பிள்ளைனு தெரிந்தது. பிறகு நத்தை வந்தது.

பெரிய தாள். மேலே நீல நிறத்தில் சுற்று, சுற்று, சுற்று. தாளே நார் நாராக வந்துவிடும் அளவுக்கு அழுத்திச் சுற்றியிருந்தாள். வலது ஓரத்தில் தனியாக ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கீழே தாளின் அகலம் முழுக்கப் பழுப்பாக ஒரு குவியல். குவியலின் ஒரு முனையில் கறுப்பாக நாலைந்து கீறல். அவ்வளவுதான்.

எனக்கு வந்த பயத்தை விவரிக்க முடியாது. நாளைக்குச் சகலை இதன் முன்னால் நிற்பார். பக்கத்தில் அவர் மகன் செவ்வகம் சொல்வான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்கு 'ஞானம்' பிறந்தது. மலை! பாவம், குழந்தை நம் மலையைத்தான் போட வந்திருக்கிறாள், கை வரவில்லை. சிவப்புப் புள்ளி தீபம். இடம் தெரியாமல் ஓரமாகப் போய்விட்டது. நீலம் மேகம். கறுப்புக் கீறல் மரங்கள். தப்பு எங்கேயும் இல்லை, கொஞ்சம் சர்வே சரியில்லை, அவ்வளவுதான். எல்லையைத் திருத்தினால் போதும்.

டப்பாவில் பழுப்பு கிரேயான் இருந்தது. எடுத்தேன்.

பத்து நிமிஷம். குவியலுக்கு மேல் வேங்கிக்கால் பக்கமிருந்து பார்த்தால் மலை எப்படித் தெரியுமோ அப்படியே விளிம்பு போட்டேன். உச்சியில் தீபம் ஏற்றினேன். ஓரத்துச் சிவப்புப் புள்ளியைப் பழுப்பு தீட்டி ஒரு பாறையாக்கி மறைத்தேன். நீலச் சுற்றுகளுக்குக் கரை கட்டி மூன்று மேகமாகப் பிரித்தேன். கறுப்புக் கீறல்களைத் தென்னந்தோப்பாக்கினேன். அடிவாரத்தில் எறும்பு மாதிரி வரிசையாகக் கிரிவலம் போகிற ஜனங்கள். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே, நடுவில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல கூட்டம். எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா அதைக் கும்பிட்டுவிட்டுப் போட்டோ எடுத்தார். சகலையும் வந்தார். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது யாரோ பெரிய பையன் போட்டது"னு மகனிடம் சொன்னார். நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முறை வரட்டும்னு காத்திருந்தேன்.

வந்தது. மகள் ஒரு கையில் என்னையும் ஒரு கையில் அவள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு முன்னறைக்குள் வந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு வாரமாக, "என் படம் பாக்கலாம், சொல்ல மாட்டேன், நீயே பாரு"னு சொல்லிக்கொண்டிருந்தவள். இடது சுவரிலிருந்து ஆரம்பித்தாள். நடுப் படத்துக்கு வந்தாள். நின்றாள். பார்த்தாள். தாண்டிப் போய்விட்டாள்.

வலது சுவர் முடிந்தது. திரும்ப இடது சுவர். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. எங்கள் கையை எப்போது விட்டாள்னு தெரியவில்லை.

"அக்கா, என்னுது காணோம்."

டீச்சர் அவள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார். "நல்லாப் பாத்தியாடா?"

"ரெண்டு வாட்டி பாத்தேன்."

நான் லேசாக இருமினேன். "பாப்பா, நடுவுல இருக்கே, அது இல்ல?"

"அது வேற யாரோ போட்டதுப்பா."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் நாற்பது பேர். பக்கத்தில் சகலை. மகள் பாய்க்கு அடியில் தேடினாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் படத்தின் முன்னால் நின்று கத்திக் கத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் குனிந்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"காலையில பெருக்கினப்போ குப்பையோட போயிருக்கும்"னு சகலை சத்தமாகவே சொன்னார்.

பெருக்கியது ஆயாம்மா. ஐம்பது வயசு இருக்கும், பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவதிலிருந்து எல்லாம் அவர்தான். டீச்சர் உடனே, "இல்லைங்க, அவங்க போட மாட்டாங்க"னு சொன்னார். ஆனால் அதற்குள் ஆயாம்மா முகம் மாறிவிட்டது. கையில் இருந்த டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். சகலை என் காதருகில், "கேர்லெஸ் சகலை, இதுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

இந்த இடத்தை எழுத வேண்டாம்னுதான் முதலில் நினைத்தேன். நான் தலையாட்டினேன். ஆமாம் என்கிற மாதிரி, நன்றாகத் தெரிகிறபடி தலையாட்டினேன்.

கொல்லையில் ஆயாம்மா குப்பைச் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு மண்டிபோட்டுத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளும் எதிரில் உட்கார்ந்து பிரித்தாள். விசேஷத்துக்காகப் போட்ட பட்டுப்பாவாடை முழுக்க மண்.

"நான் போட மாட்டேன் கண்ணு. அக்காவைக் கேக்காம ஒரு துண்டு பேப்பரைக்கூட நான் தொட மாட்டேன். எங்கயாவது இருக்கும் கண்ணு, நீ அழாத."

"நான் அழலியே. நீதான் அழுவுறே"னு மகள் சொன்னாள்.

கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளே போனேன். நடுவில் இருந்த படத்தைக் கிளிப்போடு பிடுங்கினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "சார், சார்" என்றார்கள். கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போய் மகள் முன்னால் உட்கார்ந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவள் நத்தையைப் பார்த்தாள். முன்பக்கம் திருப்பினாள். மறுபடி நத்தையைப் பார்த்தாள்.

"நத்தை என்னுது. படம் என்னுது இல்ல."

"உன்னுதுதாம்மா. அப்பாதான் நேத்து மேல கொஞ்சம் போட்டுட்டேன். மலை சரியா வரலைனு..."

"எந்த மலை?"

அதற்குள் டீச்சர், மனைவி, சகலை, இன்னும் பத்துப் பேர் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் கையில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு படத்தையும் முடித்ததும் பிள்ளை அதைப் பற்றிச் சொல்வதை, சொன்னது சொன்னபடி அவர் அதில் எழுதி வைப்பார். மகளிடம், "படிக்கட்டுமா?"னு கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவள் தலையாட்டியதும் படித்தார்.

"அப்பா தூங்குறாரு. மேல ஃபேன் சுத்துது. செவுத்துல கொசு மெஷின் லைட்டு எரியுது. அப்பா மீசை குத்தும். எனக்குத் தூக்கம் வரல. நான் இதுல இல்ல, ஏன்னா நான்தான் பாக்குறேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானே சிரித்திருப்பேன், வேறு யாராவது செய்திருந்தால். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வயிற்றை உயர்த்திக்கொண்டு படுத்திருக்கும் என்னை என் மகள் பக்கத்தில் படுத்து அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாள். அந்த வயிற்றைத்தான் நான் மலையாக்கி உச்சியில் தீபம் ஏற்றினேன். என் மீசையைத் தென்னந்தோப்பாக்கினேன். என் தொப்பையைச் சுற்றி ஜனங்களைக் கிரிவலம் விட்டேன். அதை ஒரு அம்மா கும்பிட்டும் போயிருக்கிறார்.

"உனக்குப் பேப்பர் குடுக்கலியா?"னு மகள் கேட்டாள்.

"என்னம்மா?"

"உனக்குப் பேப்பர் இல்லியா? அதான் என்னுதுல போட்டியா?"

அவள் திட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவளுக்குத் தெரிந்து ஒருத்தர் இன்னொருத்தர் படத்தில் போடுவதற்கு வேறு காரணமே இருக்க முடியாது. இல்லைனு அவளே முடிவு செய்துகொண்டு, எழுந்து உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் கிரேயான் டப்பாவும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இந்தா. இதுல போடு."

சப்போட்டா மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் பெரிய மனிதர்கள். எதிரில் மகள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. நான் கறுப்புக் கிரேயானை எடுத்தேன். கை ஸ்கேலைத் தேடியது. ஸ்கேல் இல்லை. எல்லை இல்லை, அளவு இல்லை, யாரும் இன்னதைப் போடுனு சொல்லவில்லை. என்ன போடுவது? பூவா? வீடா? வீடு என்றால் எத்தனை சதுர அடி? வியர்த்துக் கொட்டியது. கடைசியில் இடமிருந்து வலம் ஒரே ஒரு கோடு போட்டேன். அதுவும் நடுவில் நடுங்கிவிட்டது.

மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் எதுவும் வராதுனு தெரிந்ததும் களிமண் பக்கம் போய்விட்டாள். அங்கே சகலையின் மகன் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கை வரை மண்ணில் இருந்தான். டீச்சர் நோட்டைத் திறந்து, பிள்ளைகளிடம் கேட்பதுபோலவே என்னிடமும், "இதைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"தெரியலீங்க அக்கா" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவரை அக்கானு கூப்பிட்டேன் என்பதை வீட்டுக்கு வந்தபிறகு மனைவிதான் சொன்னாள்.

ஆயாம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போய், "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"அட விடு சார். எங்க வூட்டுக்காரரு நான் போட்ட கோலத்து மேலயே வண்டியை ஏத்துவாரு. நீயாவது கலர் குடுத்தே." சிரித்தார். கையைப் புடவையில் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். "ஆனா நான் குப்பையில தேடிக்கினு இருந்தப்போ நீ பாத்துக்கினே இருந்தியே சார்."

ஆமாம்மா என்றேன்.

அன்று ராத்திரி சகலை போனில், "பேரன்ட்ஸ் எல்லாருமே பண்றதுதான் சகலை, நம்ம பையன் ஹோம்வொர்க்கை நான்தான் எழுதுறேன்"னு ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

அதற்கப்புறம்தான் விஷயம் ஆரம்பித்தது. மகள் என்னோடு சண்டை போடவில்லை. பேசினாள், வண்டியில் ஏறினாள், எருமைக் கதை சொன்னாள். ஆனால் வீட்டில் வரைய உட்கார்ந்தால் சுவரைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் தாளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். கோபமாகச் செய்ய மாட்டாள். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவோமே, அப்படி. நான் சிரிப்புக் காட்டிப் பார்த்தேன், சாக்லேட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், நடுங்கின என் கோட்டை எடுத்துவந்து, "அப்பாவுக்கு ஒண்ணுமே வராது பாரு"னு காட்டியும் பார்த்தேன். "அது நல்லாத்தான் இருக்கு"னு சொல்லிவிட்டுத் தன் தாளின்மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாள்.

பொங்கல் போனது. மாசி, பங்குனி போனது. அந்தப் பழைய படத்தை மறுபடி போடச் சொல்லி ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சுப்பா" என்றாள். அவள் அம்மாவுக்கு மட்டும் எல்லாப் படமும் காட்டப்பட்டது. என்ன போட்டிருக்கிறாள்னு மனைவியிடம் ரகசியமாகக் கேட்டால், "அவளைக் கேளுங்க" என்பாள். இருபத்து மூணு வருஷமாக அடுத்தவர்கள் எல்லையை அளந்து கொடுத்தவன், என் வீட்டுக்குள் ஒரு எல்லைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை ஆக்கிரமிப்பு செய்ததும் நானே என்பதால் முறையிட இடமில்லை.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், கரண்ட் போய்விட்டது. கூடத்தில் தரை மட்டும்தான் கொஞ்சம் குளிர்ச்சி. அவள் தாளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன், வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டப் போனேன்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"கையைக் கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். அவள் என் இரண்டு கையும் சரியாக அக்குளுக்குள் போயிருக்கிறதானு குனிந்து பார்த்துவிட்டுப் பச்சைக் கிரேயானை எடுத்தாள். அரை மணி நேரம் போட்டாள். ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வளைந்து கீழே விழுந்தது. என் வலது கை அக்குளுக்குள் துள்ளியது. அழுத்திக்கொண்டேன். என்னதுனு கேட்க வாயைத் திறந்தேன்.

"இன்னும் முடியல" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். அது முடிந்ததா, முடிந்து என்ன ஆனதுனு எனக்குத் தெரியாது. நடுவில் எழுந்து மோர் குடிக்கப் போய்விட்டாள். ஆனால் போகும்போது தாளைக் கவிழ்க்கவில்லை. நான் குனிந்துகூடப் பார்க்காமல், அவள் திரும்பி வரும்வரை அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவள் ஒண்ணாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். எழுத்து, எண் எல்லாம் வந்துவிட்டது. எப்போது வந்ததுனு நான் கவனிக்கவில்லை. சகலையின் மகன் கையெழுத்தும் இவள் கையெழுத்தும் ஒரே மாதிரி கோழி கிளறினதுபோலத்தான் இருக்கிறது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில், "வாப்பா, உக்காரு"னு எனக்கு உத்தரவு வரும். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே அதே பழைய ஆள் வியர்க்கிறான், அதே வலது கை துள்ளுகிறது. இந்த அனுமதி எந்த ஞாயிற்றுக்கிழமையும் ரத்தாகலாம்னு தெரிந்தேதான் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், வாழ்க்கையில் நான் செய்கிற மிகக் கஷ்டமான வேலை இன்றைக்கும் அதுதான்.